வெலிமடைக்காரி

செவனம்மா உண்டாகியிருக்கிறாள் என்று முதலில் கண்டுபிடித்தது அவளும் இல்லை, அவள் புருசன் நல்லையாவும் இல்லை. பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பொம்பளைகள்தான் கண்டுபிடித்தார்கள். அடுத்தவள் வயிற்றைப் பார்ப்பதற்கென்று, வரிசை வீடுகளில் சுவரோடு சுவராகக் குடியிருக்கிற லயத்துப் பொம்பளைகள் தனியாக ஒரு கண் வைத்திருப்பார்கள் போல. நிறைந்த குடத்தை இடது இடுப்பில் வைக்கப் போன செவனம்மா, என்னமோ இடிக்கிறது என்று வலது பக்கம் மாற்றி வைத்தாள். அவ்வளவுதான். அன்றைக்குப் பெரட்டுக்கு ஆள் கூடி, கங்காணி பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவதற்குள் செய்தி மேட்டுலயம், பள்ளத்துலயம் இரண்டையும் சுற்றிவிட்டு வந்துவிட்டது.

இது அறுபதாம் வருசம், மாசி மாசம். பதுளைப் பக்கம், ஸ்பிரிங்வெளிக்கும் மேலே, பஸ் ரோடு முடிந்த பிறகு இரண்டு மைல்கட்டை ஏறிப் போனால் அந்தத் தேயிலைத் தோட்டத்து டிவிசன். மூடுபனி இறங்கிவிட்டால் காலை பத்து மணிக்கும் எதிர்லயம் தெரியாது. யாரோ இருமுவது கேட்கும், யார் வீட்டிலோ ரொட்டி சுடுகிற வாசம் வரும், ஆளைக் காணக் கிடைக்காது. அந்தப் பனிக்குள்ளே இருந்துதான் ஆளாளுக்கு நல்லையாவைக் கூப்பிட்டுக் கேலி பண்ணினார்கள். கல்யாணம் முடித்துப் பதினோரு வருசம். கேலி பண்ணாமல் என்ன செய்வார்கள்?

நல்லையா கவ்வாத்துக்காரன். வளர்ந்து போன தேயிலையை முழங்கால் மட்டத்துக்கு வெட்டி மொட்டையாக்குகிற வேலை. சும்மா வெட்டுவது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கத்தி ஒரே இழுப்பில் சரிவாக இறங்கணும், பட்டை பிளக்கக்கூடாது, பிளந்தால் அந்த வழியாகச் செடி அழுகும். அவன் வெட்டிய நிரையைப் பெரிய தொரை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். தொரைமார் ஒன்றும் சொல்லாமல் போனால் அதுதான் பாராட்டு. அப்பேர்ப்பட்டவன் அன்றைக்கு நாலாம் நம்பர் மலையில் ஏழெட்டுச் செடியைக் கோணலாக வெட்டிவைத்தான். சிரிப்பு வேறு அடங்கமாட்டேன் என்கிறது.

சாயங்காலம் பெரியாயி வந்தாள். இரண்டு லயத்துப் பிள்ளைகளுக்கும் தொப்புள்கொடி அறுத்தது அவள் கைதான். செவனம்மாவைப் பாயில் படுக்க வைத்து, உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைத் தடவினாள். இடது விலாவுக்குக் கீழே கை நின்றது.

"இருக்கு. எடது பக்கமா ஒதுங்கிக் கெடக்கு. பொட்டப் புள்ள."

அதற்கு மேல் யாருக்கு என்ன அத்தாட்சி வேணும்?

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். உண்டானவள் கொழுந்தெடுக்கிறபோது பக்கத்து நிரைக்காரிகள் போகிற வருகிற சாக்கில் அவள் கூடையில் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்து போட்டுவிட்டுப் போவார்கள். கங்காணி பார்த்தாலும் பார்க்காத மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதினோரு வருசமாக எத்தனையோ பேர் கூடையில் பிடி போட்டவள் செவனம்மா. இப்போதுதான் தன் கூடையில் விழுகிறது. முதல் நாள் விழுந்தபோது அவள் நிரையிலேயே நின்று அழுதுவிட்டாளாம். நல்லையாவிடம் வந்து சொல்லும்போது சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அவளுக்கு அப்போதெல்லாம் எந்நேரமும் தூக்கம்தான். வேலை விட்டு வந்து, இடுப்பில் கட்டிய சாக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுப்புப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்தால் கண் சொருகிவிடும். பாதித் தூக்கத்தில் பேசுவாள். நல்லையா மா பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பான். நாலாம் நம்பர் மலையில் பனி இறங்கியிருக்கிறதாம், நிரைக்குள்ளே ஒரு பொட்டப் பிள்ளை நடந்து போகிறதாம், செடி நெஞ்சு மட்டத்துக்கு நிற்கிறதால் தலை மட்டும் மிதந்து போகிற மாதிரி தெரிகிறதாம். கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். அங்கேதான் வெட்டிப் போட்டாச்சே, முழங்கால் உயரம்தானே இப்போ என்று நல்லையா சொன்னால், கனவில் வெட்டவில்லை என்பாள். அவனும் விட்டுவிடுவான். அவனுக்கும் அந்தத் தலை பனிக்குள்ளே போவது தெரிகிற மாதிரி இருக்கும். அந்த மூன்று மாசமும் இரண்டு பேரும் பூமியில் கால் வைத்து நடந்ததாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் வயிறு வளர வளர ஆள் தேய்ந்துகொண்டு வந்தாள். கன்னம் ஒட்டிப்போனது. இரண்டு கவளம் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்று கையை உதறினாள். விடிகாலையில் வேர்த்துக் கொட்டி ரவிக்கை நனைந்து கிடந்தது. இடிபடாமலே காலில் கருநீலமாகக் கன்றல். பிள்ளை அசையவும் இல்லை. பெரியாயியிடம் கேட்டால், பொட்டப் பிள்ளை சோம்பேறித்தனமாகத்தான் கிடக்கும் என்று சொல்லிவிட்டாள். வைகாசியில் ஒரு நாள் மலையிலேயே மயங்கி விழுந்தபோது, தோட்டத்து மருந்துக்காரர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, நாளைக்கே பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போ என்றார். அவர் துடைத்த விதம் நல்லையாவுக்குப் பிடிக்கவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் வீரசிங்கம் டாக்டர் பார்த்தார். யாழ்ப்பாணத்து மனுசர், நெடுநெடு என்று உயரம், குரல் மட்டும் சின்னது. விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் நெஞ்செலும்பிலும் ஊசி போட்டு எடுத்தார்கள். செவனம்மா வார்டில் ஏழு நாள் கிடந்தாள், நல்லையா சந்தைப் பக்கம் ஊர்க்காரன் ஒருத்தன் கடையில் படுத்துக்கொண்டான். எட்டாம் நாள் டாக்டர் அவனை வராந்தா வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. அதனால் அவரும் நின்றுகொண்டே சொன்னார்.

"உம்முடைய மனிசிக்கு வயித்தில இருக்கிறது பிள்ளை இல்லை. அது மண்ணீரல். ரத்தம் பழுதாப் போய், அது வீங்கிப் பெருத்திருக்கு. ரத்தத்தில வாற புற்றுநோய்."

பிள்ளை இல்லை என்பது காதில் விழுந்தது. மற்றது விழவில்லை. டாக்டர் பொறுமைசாலி, இரண்டாம் தரமும் சொன்னார். ரத்தத்தில் வெள்ளை அணு என்று ஒன்று அளவோடு இருக்கணும், இவளுக்கு அது காடு மாதிரி வளர்ந்து கிடக்கிறது, அதை அடக்குவதற்கு ஒரு சின்ன மாத்திரை இருக்கிறது, கொழும்பிலிருந்து எடுத்துத் தரலாம் என்றார்.

"சொகமாயிருமுங்களா அய்யா?"

"நான் பொய் சொல்ல விரும்பேல்லை. நூறு பேருக்கு இந்த மாத்திரையைக் குடுத்தால் எண்பது பேருக்கு வயிறு இறங்கும். உடம்பு தேறும், வேலைக்கும் போவினம். மூண்டு வருஷம், சிலருக்கு நாலு. பிறகு திரும்பி வரும். வந்தால் இந்த மாத்திரை கேக்காது."

"நூறுல ஒருத்தருக்குக்கூட அடியோட போகாதுங்களா?"

"இண்டைக்கு வரைக்கும் இல்லை. சீமையிலயும் இதைத்தான் குடுக்கினம்."

நல்லையா தன் கையைப் பார்த்தான். பிறகு, இது கவ்வாத்து மாதிரிங்களா என்று கேட்டான். டாக்டருக்குக் கவ்வாத்து தெரியாது. தேயிலை குடிக்கிறவர்தானே, வெட்டுகிறவரா? இவன் விளக்கினான்: செடி உயர்ந்து போனால் மொட்டையாக வெட்டுகிறோம், மூன்று நாலு வருசத்தில் திரும்பவும் உயர்ந்துவிடுகிறது, திரும்பவும் வெட்டுகிறோம், வேர் அப்படியே இருக்கும். டாக்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கிட்டத்தட்ட அப்பிடித்தான், ஆனால் இதை ஒருக்காத்தான் வெட்டலாம் என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் செவனம்மா ஜன்னலோடு தூங்கினாள். பிள்ளை இல்லை என்று டாக்டர் அவளிடமும் சொல்லியிருந்தார். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. நல்லையாவோ மலை மலையாக எண்ணிக்கொண்டு வந்தான். நாலாம் நம்பர் இந்த வருசம் வெட்டியாச்சு. மறு கவ்வாத்து அறுபத்து மூன்று கடைசி, இல்லாவிட்டால் அறுபத்து நாலு. அந்த மலையில் தான் மறுபடி கத்தியோடு நிற்கிற நாளை நினைத்தான். அதற்கு மேல் நினைக்கப் பயந்து, கண்டக்டர் மர்ஸூக்கிடம் ஹாலிஎலப் பக்கம் மழையா என்று சம்பந்தமில்லாமல் கேட்டான்.

மாத்திரை கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. காலையில் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியோடு அவன் கையாலேயே கொடுப்பான், அவளும் வாங்கி வாயில் போடுவாள். இரண்டு வாரத்தில் வயிறு கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. அப்புறம் இளகவே இல்லை. ஆனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல், கச்சான் காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடி அவள் பையைத் துழாவினான். சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள், பாக்குத்தூளில் புரண்டு கிடந்தன.

கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான். திட்டத்தான் போனான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மாத்திரை எம் புள்ளயக் கரைக்குதுங்க. நாளுக்கு நாள் சின்னதாப் போவுது. எனக்குத் தெரியாதா? நான் எப்படி அதத் திங்குறது?"

அவளிடம் மண்ணீரல் என்று சொல்லிப் பார்த்தான். நூறு பேர், எண்பது பேர் என்று சொல்லிப் பார்த்தான். டாக்டருக்கு ஊசியில்தானே தெரியும், பெரியாயிக்குக் கையிலே தெரியும் என்றாள். அவனும் அந்தக் கையை நம்பி மூன்று மாசம் மிதந்தவன்தானே.

நேரே பெரியாயி வீட்டுக்குப் போனான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்க ஆத்தா என்று கேட்டால் எந்த மனுசிதான் லேசில் ஒத்துக்கொள்வாள்? நாற்பது வருசத்துக் கை, ஒரு பிள்ளையும் தவறினதில்லை என்று கத்தினாள். கவ்வாத்துக்காரன் எனக்குச் சொல்லித்தர வந்துட்டியா என்றாள். நல்லையா வாசல் கல்லில் உட்கார்ந்துகொண்டான். எழும்பி வரவில்லை. பெரியாயி அரை மணி நேரம் கத்தி ஓய்ந்து, எண்ணெய்ப் போத்தலை எடுத்து மடியில் சொருகிக்கொண்டு, அவனுக்கு முன்னால் விடுவிடென்று நடந்தாள்.

இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. தடவினாள், அழுத்தினாள், காதை வைத்துக் கேட்டாள், திரும்பவும் தடவினாள். அந்த இடது விலாவுக்குக் கீழே வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். எழுந்து இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்று, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங் கை பொய் சொல்லிருச்சு. புள்ள இல்ல. நாந்தேன் தப்பாப் பாத்தேன்."

சொல்லிவிட்டுப் போத்தலை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் இரண்டு மாசம் அவள் ஒரு பிரசவத்துக்கும் போகவில்லை. அந்த மனுசி மேல் நல்லையாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, மரியாதைதான் கூடியது.

செவனம்மா அழவில்லை. மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அவன் கஞ்சி வைத்தால் ஆறிப்போகும், எடுத்து ஊற்றிவிட்டு வேறு வைப்பான். நாலாம் நாள் காலையில், பெரட்டுத் தப்புமேளம் அடித்து ஓய்ந்த பிறகு, சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"புள்ள இல்லன்னா இது சாவுதானே?"

நல்லையா கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தான், கையில் கத்தி. வாய் அதுவாகவே சொல்லிவிட்டது. நூத்துக்கு ஒருத்தர் அடியோட சொகமாயிர்றாங்களாம், டாக்டரய்யா சொன்னாரு என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

அவள் மெல்லத் திரும்பினாள். "ஒருத்தரா, ஒருத்தியா?"

"ஒருத்தி."

"அவ தின்னதும் இந்த மாத்திரைதானா?"

"இதேதான்."

அவள் கையை நீட்டினாள். அவன் மாத்திரையை வைத்தான். விழுங்கிவிட்டு, அவன் பார்க்கட்டும் என்று வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். சின்னப் பிள்ளைகள் செய்கிற மாதிரி செய்தாள். நல்லையா அன்றைக்கு மலைக்குப் பிந்திப் போய் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆவணிக்குள் வயிறு தட்டையாகிவிட்டது. கன்னத்தில் சதை வந்தது. ரொட்டியும் கட்டச் சம்பலும் கேட்டு வாங்கித் தின்றாள். மறுபடி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். பழக்க தோசத்தில் பக்கத்து நிரை இராக்கம்மா ஒரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட, செவனம்மா நின்று, கூடையை இறக்கி, அந்தப் பிடியை அள்ளி இராக்கம்மாவின் கூடையிலேயே திருப்பிப் போட்டாள். கோபமில்லை. சிரித்துக்கொண்டுதான் போட்டாள். இராக்கம்மாதான் அழுதாள்.

டாக்டரிடம் மாசம் ஒரு தரம் காட்டணும். புரட்டாசியில் போனபோது அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சந்தோசமாக, நல்லா இறங்கிட்டுது என்றார். மருந்துத் துண்டு எழுதத் தொடங்கினார். செவனம்மா மேசைப் பக்கம் நெருங்கி நின்றாள்.

"அய்யா, நூத்துல ஒருத்தி அடியோட சொகமானாளாமே. அவ எந்த ஊருங்க?"

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நல்லையாவைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். பொய் சொல்ல விரும்பாத மனுசர். இப்போது போட்டு உடைத்துவிடுவார், நாளையிலிருந்து மாத்திரை திரும்பவும் வெற்றிலைப் பைக்குள் போகும் என்று நினைத்தான். வெளியே ஸ்டேஷன் பக்கம் கோச்சி கூவியது. டாக்டர் பேனாவைத் திரும்பவும் துண்டில் வைத்தார்.

"வெலிமடைப் பக்கம், தங்கச்சி," என்றார், தலை நிமிராமல். "மரக்கறித் தோட்டம் செய்யிற மனிசி."

போச்சு. அதற்குப் பிறகு வீட்டில் மூன்றாவது ஆளாக அந்த வெலிமடைக்காரி வந்து குந்திக்கொண்டாள். அடுப்புப் பக்கம் சாய்ந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டு செவனம்மா அவளைப் பற்றியே பேசினாள். தமிழா சிங்களமா, புருசன் நல்லவனா, அவளும் முதலில் பிள்ளை என்றுதான் நினைத்திருப்பாளா. கனவிலும் இப்போது அவள்தான். பனிக்குள்ளே ஒருத்தி குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறாளாம். நல்லையா மா பிசைந்துகொண்டே, அவளுக்கு நாற்பது வயசிருக்கும் என்றான். இன்னொரு நாள், கை வேகமானவளாம் என்றான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. சொல்லச் சொல்ல, அப்படி ஒருத்தி இல்லாமலா போய்விடுவாள் என்று தோன்றத் தொடங்கியது.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அவளைப் பார்த்துவிட்டு வரணும் என்று செவனம்மா சேலையை மாற்றிக்கொண்டு நின்றாள். வீடு தெரியாது என்றான். தேடலாம் என்றாள். மூட்டு வலிக்குது என்றான். அப்ப நான் போய்ட்டு வாறேன் என்றாள். வேறு என்ன செய்வது, இரண்டு பேரும் பதுளைக்கு இறங்கி வெலிமடை பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் அவள் தூங்கவில்லை. அவன்தான் கண்ணை மூடிக்கொண்டு, அங்கே போய் யாரைக் காட்டுவது என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டு போனான்.

வெலிமடையில் இறங்கினால் தேயிலை வாசமே இல்லை. ஈரமண் வாசமும் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் வாசமும்தான். லொறிகளில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. மொஹிதீன் என்பவர் கடையில் பிளேன்டீ குடித்தார்கள். யாரைத் தேடி வந்தீங்க என்று அவர் கேட்டதும் நல்லையா டீ கிளாசைக் கீழே வைத்தான். ஒறவுக்காரி ஒருத்தி, எங்களுக்கு எடம் தெரியும் என்று செவனம்மா சொன்னாள். சொல்லிவிட்டுத் தெரிந்த இடம் மாதிரியே ரோட்டில் இறங்கி நடந்தாள்.

ஒரு கட்டை தூரம் நடந்திருப்பார்கள். பள்ளத்தில் படிப்படியாகப் பாத்திகள். வெயில் இருந்தது, ஆனால் ஓடைப் பக்கமிருந்து லேசாகப் பனி எழும்பி, பாத்தி மேல் நின்றும் நிற்காமலும் போய்க்கொண்டிருந்தது. அந்த நடுவே ஒருத்தி குனிந்து லீக்ஸ் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிடுங்குவாள், உதறுவாள், பக்கத்தில் போடுவாள். நிற்காமல் போய்க்கொண்டிருந்தது அந்தக் கை. செவனம்மா ரோட்டோரம் நின்றாள்.

"இவதான்," என்றாள்.

நல்லையா பார்த்தான். நாற்பது வயசுதான் இருக்கும். கீழே அந்தப் பொம்பளை இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, ரோட்டில் நிற்கிற இரண்டு அசலூர்க்காரர்களைப் பார்த்தாள். யாராயிருந்தால் என்ன என்று நினைத்தாளோ என்னவோ, மண் கையை உயர்த்திக் காட்டினாள். செவனம்மாவும் கையை உயர்த்தினாள். அந்தப் பொம்பளை திரும்பவும் குனிந்துகொண்டாள்.

நல்லையாவுக்கு என்ன வந்ததோ, உண்மையிலேயே இறங்கிப் போய்க் கேட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது.

"வா, போய்ப் பேசிட்டு வருவோம்," என்றான்.

செவனம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வேணாங்க. பேசினா, நான் அவ இல்லன்னு சொல்லிருவா."

பிடித்த கையை விடாமல் பஸ் நிற்கிற இடத்துக்குத் திரும்பி நடந்தாள். நாளைக் காலை மாத்திரைக்குச் சீனி போட்ட சாயத்தண்ணி வேணும், வெறும் சாயம் கசக்குது என்றாள்.